ஃபோம் பிளேனை நிதானமாகப் பறக்க வைப்பது: பெங்களூரு காற்றுக்கேற்ற முழு வழிகாட்டி

பெட்டியின் மேல் ‘டிரெய்னர்’ என்று அச்சிட்டிருந்தாலும், கடையில் கிடைக்கும், ரேடியோவால் இயக்கும் ஃபோம் பிளேன்களில் பல புதிதாகக் கற்பவருக்கு வேகம் அதிகம். எய்லரானை (பிளேனைச் சாய்க்க இறக்கையின் பின் விளிம்பில் அசையும் பட்டை) தொட்டால் படக்கென்று சாய்கிறது, ரேடியோவின் குச்சியை விட்டாலும் தானாக நிமிர்வதில்லை, இறங்கும்போது ஓட்டமாக ஓடுகிறது. அதே பிளேனைச் சென்னைக் கடற்கரைப் பக்கம் பறக்கவிட்டவர் “சாதுவான பிளேன்” என்பார். பெங்களூருவில் அதே பிளேன் முறைக்கும். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வெப்பநிலை ஒன்றாகவே இருந்தாலும் இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் அந்த அளவுக்குக் குறைகிறது. 800 கிராம் பிளேன் இங்கே, சென்னையில் 890 கிராம் பிளேன் பறப்பதுபோலப் பறக்கும். எனவே இந்த ஊரில் முதல் வேலை எடையைக் குறைப்பது. பிளேனைத் தானாக நிலைப்படுத்தும் கைரோ வாங்குவதெல்லாம் கடைசியில்.

இந்த வழிகாட்டி எடுத்துக்கொண்டிருக்கும் பிளேன்: இறக்கை மேலே அமைந்த, இபிஓ ஃபோமால் ஆன, 1200 மி.மீ. இறக்கையுள்ள நான்கு சேனல் (நான்கு தனிக் கட்டுப்பாடுகள்) டிரெய்னர். இறக்கையின் அகலம், அதாவது கார்டு, 190 மி.மீ. மோட்டார் 2212 அளவு, 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு, சுமையில்லாமல், நிமிடத்துக்கு 1000 சுற்று). மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி 30 ஆம்பியர், 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி. பறக்கும் எடை 800 கிராம். உங்களுடையது 1000 மி.மீ. அல்லது 1400 மி.மீ. என்றால் நீள அளவுகளை அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், கோணங்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யப்போவது: எடையை 90 கிராம் குறைப்பது, இறக்கையின் ‘வி’ வளைவைக் கூட்டுவது, எய்லரானைத் தற்காலிகமாகப் பூட்டிவிட்டு ரட்டராலேயே (செங்குத்து வாலின் அசையும் பகுதி) திருப்புவது, பிராப்பை (மோட்டார் சுழற்றும் விசிறி) மாற்றுவது, சிஜியை (பிளேனின் எடை சமனாகும் இடம்) முன்னால் கொண்டுவருவது. இரண்டு வாரக் கடைசி போதும். அதில் பாதி நேரம் பசை காயக் காத்திருப்பதிலேயே போகும்.

வாங்க வேண்டியவை

சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம். 1 கிராம் காட்டினால் போதும். சர்வோ (ரட்டர் போன்ற பட்டைகளை அசைக்கும் சிறு மோட்டார்), பிராப், வாட் மீட்டர் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். அங்கே போகும்போது பழைய பிராப்பைக் கையோடு எடுத்துப் போங்கள், நடு ஓட்டையின் அளவு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். மற்றவை:

- 3 மி.மீ. பிளைவுட், 250 × 30 மி.மீ. துண்டு. எம்டிஎஃப் வேண்டாம், அடி விழுந்தால் பிஸ்கட் மாதிரி உடையும்.
- மெதுவாகக் காயும் இரட்டைக் குழாய் எபாக்ஸி. அரால்டைட் ஸ்டாண்டர்டு போதும். 5 நிமிட எபாக்ஸி இறக்கை இணைப்புக்கு ஆகாது, சரிபார்ப்பதற்குள் இறுகிவிடும்.
- நூலிழை ஓடும் ஃபிலமென்ட் டேப், சாதா பிஓபிபி டேப், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்.
- சன்பேக் ஷீட், ஒரு அடிக்கு அரை அடி. போர்டு அடிக்கும் கடைகளில் வெட்டித் தள்ளிய துண்டாகவே கிடைக்கும்.
- 3 மி.மீ. ஃபோம் ஷீட் சிறு துண்டு, 80 மற்றும் 220 நம்பர் உப்புத்தாள், புது பிளேடுகள்.
- 10×4.5 ஸ்லோ ஃப்ளை பிராப் (விட்டம் 10 அங்குலம், ஒரு சுற்றில் 4.5 அங்குலம் முன்னேறும் சாய்வு) மூன்று, பிராப் சேவர் ஒன்று, அதற்கான ரப்பர் வளையங்கள்.
- 3 செல் 1300 எம்ஏஎச் லைப்போ.

பசையில் ஒரு எச்சரிக்கை. பிளேன் இபிஓ ஆக இருந்தால் ஃபெவிகுயிக் வகை உடனடிப் பசை ஃபோமைக் கெடுக்காது. வெள்ளைத் தெர்மாகோல் ஆக இருந்தால் அதே பசை குழி குழியாகத் தின்றுவிடும். செருப்புக்கும் லெதருக்கும் போடும் மஞ்சள் ரப்பர் பசையும் தெர்மாகோலைக் கரைக்கும். எது என்று தெரியாவிட்டால் பேட்டரி மூடியின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், இறக்கையில் சோதிக்காதீர்கள்.

எடை: முதலில் தராசு

எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி வரும்: 2200 எம்ஏஎச் பேட்டரி 180 கிராம், சக்கரங்களும் கம்பியும் 55 கிராம். இந்த இரண்டிலேயே நம் கணக்கு முடிந்துவிடுகிறது.

1300 எம்ஏஎச் பேட்டரி சுமார் 115 கிராம். மிச்சம் 65. “பறக்கும் நேரம் குறையுமே” என்று தோன்றும். மெதுவாகப் பறக்கும் பிளேன் சராசரியாக 5 முதல் 6 ஆம்பியர்தான் இழுக்கும், 80 சதவீதம் பயன்படுத்தினாலும் 10 நிமிடம் தாராளம். கற்பவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது, கழுத்தும் வலிக்கும்.

சக்கரத்தையும் கழற்றிவிடுங்கள். ஊருக்கு வெளியே கிடைக்கும் இடமெல்லாம் வறண்ட ஏரிப் படுகை, அறுத்த ராகிக் கொல்லை, கட்டாத லேஅவுட். செம்மண் கட்டியிலும் தாளடியிலும் 50 மி.மீ. சக்கரம் மாட்டினால் பிளேன் குப்புறக் கவிழும், கம்பி மாட்டியிருக்கும் ஃபோமைப் பிய்த்துக்கொண்டு வரும். வயிற்றால் இறங்குவதே மேல். அதற்காக அடிப்பாகத்தில், மூக்கிலிருந்து இறக்கையின் பின் விளிம்பு வரை, 50 மி.மீ. அகலத்தில் சன்பேக் பட்டை ஒட்டுங்கள். சன்பேக் என்பது பாலிபுரொப்பிலீன், எபாக்ஸியோ உடனடிப் பசையோ அதில் பிடிக்காது. இரண்டு பக்க டேப்பால் ஒட்டி, முன்னும் பின்னும் ஃபிலமென்ட் டேப்பைக் குறுக்கே சுற்றுங்கள். முன்முனையைக் கொஞ்சம் மேலே வளைத்து ஒட்டாவிட்டால் மண்ணை அள்ளும்.

வால் பக்கம் இருக்கும் ஸ்டிக்கர், பழைய டேப், தடித்த ரிப்பேர் பசை இவற்றைச் சுரண்டி எடுப்பதில் இரட்டை லாபம். வாலில் 10 கிராம் குறைந்தால் மூக்கில் 20 கிராமுக்கு மேல் ஈயம் வைக்காமல் தப்பிக்கலாம். ஏனென்றால் வால் சிஜியிலிருந்து மூக்கைவிட இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது.

நாம் புதிதாகச் சேர்ப்பது, அதாவது பிளைவுட், எபாக்ஸி, டேப், சன்பேக் எல்லாமே 30 கிராமுக்குள் நிற்க வேண்டும். 800-லிருந்து 120 போய் 30 வந்தால் 710. ஸ்டால் ஆகும் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை பிளேனைத் தாங்காது) மணிக்கு 28 கி.மீ.யிலிருந்து 26-க்கு இறங்கும். காகிதத்தில் சிறிதாகத் தெரியும் இந்த 2 கி.மீ.தான் பெங்களூரு நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

இறக்கை அறுவை

வேலைகளில் இதுதான் பெரியது, பயமும் இங்கேதான் வரும். நன்றாக இருக்கும் இறக்கையை நடுவில் அறுப்பதற்குக் கை வராது. ஆனால் பிளேனின் குணத்தை இந்த ஒரு மாற்றம்தான் தலைகீழாக்குகிறது.

இறக்கையின் இரண்டு நுனிகளும் நடுவைவிட உயரமாக இருப்பதை டைஹெட்ரல் என்கிறோம். பிளேன் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே வழுக்கும். அப்போது தாழ்ந்த இறக்கைக்குக் காற்று சற்று அதிகக் கோணத்தில் மோதி, அதைத் தூக்கிவிடும். குச்சியை விட்டால் பிளேன் தானாக நிமிர்வது இதனால்தான். ரட்டரை மட்டும் வைத்துத் திருப்ப முடிவதும் இதனால்தான். மூக்கு ஒரு பக்கம் திரும்பும்போது எதிர்ப்பக்க இறக்கை காற்றை முன்னிலிருந்து வாங்கி மேலெழுகிறது, பிளேன் சாய்ந்து வளைகிறது.

நான்கு சேனல் டிரெய்னரில் பக்கத்துக்கு 1.5 டிகிரிதான் கொடுத்திருப்பார்கள். ரட்டரால் திருப்ப 5 டிகிரி வேண்டும். ஆக, பக்கத்துக்கு 3.5 டிகிரி கூட்ட வேண்டும். 600 மி.மீ. நீள அரை இறக்கையில் அது நுனியில் 37 மி.மீ. உயரம்.

முதலில் எய்லரான் சர்வோக்களின் ஒயரை வெளியே எடுங்கள். இறக்கையின் நடுக்கோட்டை மேலும் கீழும் பேனாவால் குறித்து, நீளமான கட்டர் பிளேடால் பல முறை மெதுவாக இழுத்து அறுங்கள். உள்ளே கார்பன் பட்டை ஓடினால் அந்த இடத்துக்கு மட்டும் ஹாக்ஸா. கார்பன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது உப்புத்தாள் வேலை. அரை இறக்கையை மேசை மேல் வையுங்கள், அறுத்த முகம் மேசை விளிம்போடு சரியாக நிற்க வேண்டும். நுனிக்கு அடியில் 37 மி.மீ. உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்குங்கள். இப்போது அறுத்த முகத்தின் மேல்பாதி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 80 நம்பர் உப்புத்தாளை ஒரு நேரான மரக்கட்டையில் ஒட்டி, கட்டையை மேசை விளிம்போடு செங்குத்தாகப் பிடித்துத் தேயுங்கள். இறக்கை 22 மி.மீ. தடிமன் என்றால் மேலே 1.3 மி.மீ. மட்டும்தான் போகும், கீழே ஒன்றும் போகாது. மறுபாதியும் அப்படியே. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளியே தெரியக் கூடாது. இடைவெளி விழுந்தால் பசையால் நிரப்பிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், பசை என்பது எடை.

இணைப்புக்கட்டை: பிளைவுட்டில் பக்கத்துக்கு 120 மி.மீ., மொத்தம் 240 மி.மீ. நீளமும் 14 மி.மீ. உயரமும் உள்ள அகன்ற ‘வி’. நடுவிலிருந்து ஒவ்வொரு முனையும் 7 மி.மீ. மேலேற வேண்டும். இந்த அளவு, முன்பு தட்டையாக இருந்த அடிப்பகுதிக்கு. ஏற்கெனவே ‘வி’ இருந்தால் அதையும் சேர்த்து முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பிளைவுட்டைத் தொடுங்கள். இறக்கையின் அடிப்பக்கத்தில், முன் விளிம்பிலிருந்து 55 மி.மீ. தள்ளி, 3 மி.மீ. அகலத்தில் பள்ளம் வெட்டுங்கள். இறக்கை அதிகத் தடிமனாக இருப்பது அந்த இடம்தான். பழைய கார்பன் பட்டை இருந்தால் கட்டை அதை ஒட்டியே ஓட வேண்டும். பட்டை அறுந்த இடத்தில் வலு பூராவும் இந்தக் கட்டைக்கு மாறுகிறது.

ஒட்டும்போது: மேசையில் பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். ஒரு பாதியைத் தட்டையாக வைத்து அதன் மேல் கனம் வையுங்கள். மறு நுனி இதுவரை சொன்னதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 74 மி.மீ. உயர வேண்டும். (பழைய ‘வி’யின் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.) எபாக்ஸியை முகத்திலும் பள்ளத்திலும் மெல்லியதாகத் தடவி, கட்டையை அழுத்தி, மேலே சாதா டேப்பால் பிடித்துவிட்டு ஒரு இரவும் ஒரு பகலும் தொடாதீர்கள். இறுகுவதற்கு முன் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது முறுக்கு. பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இரண்டு பாதிகளின் பின் விளிம்பும் நடுவிலிருந்து ஒரே மாதிரி விலகிப் போக வேண்டும். ஒரு பாதி 2 மி.மீ. முறுகியிருந்தாலும் அந்தப் பிளேன் ஆயுசுக்கும் ஒரு பக்கம் இழுக்கும், ரேடியோவின் டிரிம்மால் (நடுநிலையைக் கொஞ்சம் நகர்த்தும் பொத்தான்) சரிக்கட்ட முடியாது.

காய்ந்ததும் அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து பக்கத்துக்கு 250 மி.மீ. வரை ஃபிலமென்ட் டேப் ஒட்டுங்கள். பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம்தான் இழுபடுகிறது, டேப் இழுவையை மட்டும்தான் தாங்கும். மேலே ஒட்டுவதில் பலனில்லை.

இனி பலரும் மறப்பது ஒன்று. ‘வி’ ஆன இறக்கை பழைய இருக்கையில் சமமாக உட்காராது, ஆடும். 80 மி.மீ. அகல இருக்கையில் இரண்டு ஓரத்திலும் 2.4 மி.மீ. இடைவெளி வரும். ஃபோம் பட்டையை ஆப்பு வடிவில் தேய்த்து ஒட்டி அடைத்துவிடுங்கள். நட்டு போட்டு முறுக்கும் இறக்கையை ரப்பர் பேண்டுக்கு மாற்றிவிடுவதும் இப்போதே நல்லது. பிளேனின் உடலில் இறக்கைக்கு முன்னும் பின்னும் குறுக்கே ஒரு பென்சிலைச் செருகி ஒட்டினால் கொக்கி ஆயிற்று. பக்கத்துக்கு நான்கு பேண்டு, கடைசி இரண்டும் குறுக்கே. இறக்கை நுனி தரையில் மோதினால் பேண்டு நழுவி இறக்கை கழன்றுகொள்ளும், உடையாது. பேண்டு வெயிலில் வெடித்துப்போகும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.

உங்கள் இறக்கை இரண்டு துண்டாக வந்து நேரான கார்பன் குழாயில் செருகுவதாக இருந்தால் நடுவில் வளைக்க முடியாது. குழாய் முடியும் இடத்துக்கு வெளியே அறுத்து, வெளித்துண்டை மட்டும் 10 டிகிரி தூக்கி ஒட்டுங்கள். 340 மி.மீ. துண்டு என்றால் நுனி 60 மி.மீ. எழும். எய்லரானும் அந்த இடத்தில் துண்டாகும், அதனால் அதைப் பூட்டி வைப்பவர்களுக்குத்தான் இந்த வழி.

எய்லரானைப் பூட்டுவது, ரட்டரைப் பெரிதாக்குவது

இரண்டு எய்லரானையும் பின் விளிம்பு 2 மி.மீ. மேலே நிற்கும்படி வைத்து, மேலும் கீழும் டேப் போட்டுப் பூட்டுங்கள். நேராகப் பூட்டாமல் மேலே தூக்குவதற்குக் காரணம் இருக்கிறது. இறக்கையின் வெளிப்பகுதிக்குக் கோணம் குறைவதால், வேகம் குறையும்போது நடுப்பகுதி முதலில் ஸ்டால் ஆகும், நுனி பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்க நுனி முதலில் விட்டுவிட்டால்தான் பிளேன் சட்டென்று புரண்டு விழுகிறது. இரண்டு பக்கமும் அளவுகோலால் அளந்து சமமாக வையுங்கள்.

ரட்டர் சர்வோவின் ஒயரை, பிளேனுக்குள் இருக்கும் ரிசீவரின் எய்லரான் சேனலுக்கு மாற்றுங்கள். வலது கைக் குச்சியில் எய்லரான் உள்ள ரேடியோவில், திருப்புவதும் ஏற்றி இறக்குவதும் ஒரே கைக்கு வந்துவிடும். பிறகு எய்லரானுக்கு மாறும்போதும் அதே கைப்பழக்கம் உதவும்.

ரட்டரின் பின்னால் 20 மி.மீ. அகல ஃபோம் பட்டை ஒட்டி நீட்டுங்கள். ‘வி’யைக் கூட்டிவிட்டு வாலை அப்படியே விட்டால் பிளேன் வாத்து நடப்பதுபோல் வாலை ஆட்டிக்கொண்டே போகும். நிமிர்க்கும் விசை கூடியிருக்கிறது, நேராக வைக்கும் விசை கூடவில்லை என்பதால் வருவது. நீட்டிய பிறகும் ஆடினால் அசையாத செங்குத்து வாலிலும் முன்பக்கம் கொஞ்சம் ஃபோம் சேர்க்கலாம்.

பிராப்பும் மோட்டார் கோணமும்

பல டிரெய்னர்களில் 8×6 மாதிரியான பிராப் வரும். 1000 கேவி மோட்டாரில் 3 செல்லில் அது மணிக்கு 80 கி.மீ. அளவுக்குக் காற்றைத் தள்ளப் பார்க்கும், மெதுவாகப் போகும்போது இழுவை போதாது. 10×4.5 போட்டால் அந்த உச்சம் 55 கி.மீ. அளவுக்கு இறங்கி, கையிலிருந்து எறியும் நேரத்தில் இழுவை கூடும். ஆனால் 1400 கேவி மோட்டாரில் 3 செல்லோடு 10 அங்குலம் மாட்டினால் மோட்டார் வெந்துவிடும், அதற்கு 8×4-தான். எதுவானாலும் வாட் மீட்டரை நடுவில் போட்டு, பிளேனை ஒருவர் பிடித்துக்கொள்ள, 20 விநாடி முழு திராட்டில் (மோட்டாரின் முழு வேகம்) கொடுத்துப் பாருங்கள். 30 ஆம்பியர் ஈஎஸ்சிக்கு 20-க்குள் நிற்பது நிம்மதி. நின்றதும் பிராப்பை விட்டுவிட்டு மோட்டாரைத் தொடுங்கள், ஐந்து விநாடி விரலை வைத்திருக்க முடிய வேண்டும்.

சக்கரம் இல்லாததால் இறங்கும்போது பிராப் தரையில் படும். பிராப் சேவரில் ரப்பர் வளையம் பிராப்பைப் பிடித்திருப்பதால் மடங்கிக்கொடுக்கும், மோட்டார் தண்டு வளையாது. வளையம் வெடிப்பு விட்டிருந்தால் அன்றைக்குப் பறக்க வேண்டாம், பிராப் கழன்று முகத்துக்கு வரும்.

திராட்டில் கூட்டியதும் மூக்கு வானத்தைப் பார்ப்பது மேல்இறக்கை ஃபோம் பிளேன்களின் பொதுவான நோய். மருந்து, மோட்டாரைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்புவது. மோட்டார் பலகையின் முன்னால் திருகப்பட்டிருந்தால், மேல் இரண்டு திருகுகளுக்கு அடியில், மோட்டாருக்கும் பலகைக்கும் இடையே, அரை மி.மீ. வாஷர் இரண்டிரண்டு போடுங்கள். திருகுகளுக்கு இடையே 25 மி.மீ. தூரம் என்றால் 2.3 டிகிரி கிடைக்கும். திராட்டில் கூட்டும்போது இடப்பக்கம் இழுத்தால், பின்னாலிருந்து பார்க்க இடப்பக்கமுள்ள திருகுகளுக்கும் ஒரு வாஷர்.

சிஜி

பழைய கையேட்டில் 60 மி.மீ. என்று போட்டிருந்தாலும் முன் விளிம்பிலிருந்து 50 மி.மீ.யில் ஆரம்பியுங்கள். 190 மி.மீ. கார்டில் அது 26 சதவீதம். பேட்டரி உட்பட எல்லாம் மாட்டி, இறக்கையின் அடியில் 50 மி.மீ. கோட்டில் இரண்டு விரலை வைத்துத் தூக்குங்கள். மூக்கு ஒரு நூல் தாழ்ந்து நிற்க வேண்டும்.

நிற்காது. ஏனென்றால் முன்னால் இருந்த 65 கிராம் போய்விட்டது. அது சிஜிக்கு 150 மி.மீ. முன்னால் இருந்திருந்தால், புது 115 கிராம் பேட்டரியை இன்னும் 85 மி.மீ. முன்னால் தள்ளினால்தான் ஈடாகும். உள்ளே அவ்வளவு இடம் இருக்காது. பேட்டரி தட்டின் முன் ஃபோமை மோட்டார் பலகை வரை குடைந்து, ஈஎஸ்சியைப் பின்னால் அல்லது மேலே மாற்றி, பேட்டரியை எவ்வளவு முன்னால் போகுமோ அவ்வளவு தள்ளுங்கள். 50 மி.மீ. கிடைத்தது என்றால் மூக்கு முனையில் 17 கிராம் குறையும். 10 ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். இரண்டை டேப்பில் சுற்றி மோட்டார் பலகைக்குப் பின்னால் ஒட்டினால் சரியாகிவிடும். எடையைக் குறைத்துவிட்டு மறுபடி காசு வைப்பது கசக்கும்தான். வால் கனத்த பிளேனைப் புதியவர் கையில் கொடுப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

பேட்டரி நிற்கும் இடத்தைப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். வெல்க்ரோ மட்டும் போதாது, பட்டையும் கட்டுங்கள்.

அசைவுகளும் ரேடியோவும்

எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பட்டை) மேலும் கீழும் 8 மி.மீ., ரட்டர் இரண்டு பக்கமும் 25 முதல் 30 மி.மீ. எலிவேட்டரின் அளவை ரேடியோவில் சதவீதத்தைக் குறைத்துக் கொண்டுவராதீர்கள். முதலில் கம்பியைச் சர்வோ கையின் உள் ஓட்டைக்கும், எலிவேட்டர் கொம்பின் வெளி ஓட்டைக்கும் மாற்றுங்கள். அப்படிச் செய்தால் சர்வோவின் முழு அசைவும் பயன்படும், ஓட்டை ஆட்டமும் பாதியாகும். அதன் பிறகும் கூடுதலாக இருந்தால் ரேடியோவில் குறைக்கலாம். கம்பி ஓட்டையில் லொடலொடவென்று இருந்தால் பிளேன் ஒரே உயரத்தில் நிற்காமல் அலையும், டிரிம் போட்டுப் போட்டு ஓய்ந்துபோவீர்கள்.

எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம் வையுங்கள். சில ரேடியோவில் இதற்குக் கூட்டல் குறி, சிலவற்றில் கழித்தல். திரையில் வரும் கோடு நடுவில் படுத்தும் ஓரத்தில் செங்குத்தாகவும் இருந்தால் சரியான குறி. தவறான குறி வைத்தால் நடுவிலேயே வெட்டி வெட்டிப் பாயும்.

பிராப்பைக் கழற்றிவிட்டு ஃபெயில்சேஃபைச் சோதியுங்கள்: திராட்டிலைக் கொஞ்சம் கூட்டி, ரேடியோவை அணையுங்கள், மோட்டார் நிற்க வேண்டும். பின்னால் நின்று, குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ரட்டரின் விளிம்பு வலப்பக்கம், உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. சேனல் மாற்றியிருப்பதால் திசை தலைகீழாக வர வாய்ப்புண்டு.

எங்கே, எப்போது

எச்ஏஎல் விமான நிலையம், ஜக்கூர், எலஹங்கா விமானப்படைத் தளம், தேவனஹள்ளி என்று நான்கு ஓடுதளங்களுக்கு நடுவில் இருக்கும் ஊர் இது. 2021 ட்ரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 5 கி.மீ.க்குள் சிவப்பு மண்டலம், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது; 5 முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் போனால் மஞ்சள், மற்ற பச்சைப் பகுதிகளில் 400 அடிக்கு மேல். அல்சூரிலோ இந்திராநகரிலோ மாரத்தஹள்ளியிலோ மைதானம் காலியாகத்தானே இருக்கிறது என்று போய் நிற்காதீர்கள். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உயர் அழுத்த மின்கம்பி, நீலகிரி மரத் தோப்பு, கிரிக்கெட் பிள்ளைகள், வட்டமிடும் பருந்து, இவை இல்லாத இடமாக இருக்க வேண்டும்.

காலை 6.15 முதல் 8 வரை நல்ல நேரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து காற்று விடிந்ததும் எழுந்துவிடும். ‘வி’ கூடிய இறக்கைக்குப் பக்கக் காற்று ஆகாது, காற்று வரும் பக்கத்து இறக்கையை அது தூக்கிக்கொண்டே இருக்கும். மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் வீசினால் பெட்டியைத் திறக்க வேண்டாம். கையளவு நூலைக் குச்சியில் கட்டி நட்டுவைத்தால் காற்று தெரியும்.

முதல் பறத்தல்

புல் இருக்கும் இடத்தில், மோட்டார் ஓடாமல், தோள் உயரத்திலிருந்து காற்றை எதிர்த்து, நேராக, கொஞ்சம் வேகமாக எறியுங்கள். ஈட்டி எறிவதுபோல் மேல்நோக்கி எறியக் கூடாது. 8 முதல் 10 மீட்டர் நேராக வழுக்கிப் போய் உட்கார வேண்டும். எழும்பி நின்று மூக்கு விழுந்தால் எலிவேட்டரைக் கொஞ்சம் கீழே டிரிம் செய்யுங்கள். அப்படியும் மாறாவிட்டால் வால் கனம். அம்பு மாதிரி குத்தினால் எலிவேட்டரைக் கொஞ்சம் மேலே.

பிறகு இரண்டாவது ஆள் எறியட்டும், ரேடியோ வைத்திருப்பவரின் இரண்டு கையும் குச்சியில் இருக்கட்டும். “அண்ணா, விடட்டுமா?” என்று கேட்டு, முக்கால் திராட்டிலின் சத்தம் வந்து, “விடு” என்ற பிறகுதான் விட வேண்டும். எறிபவரின் விரல் பிராப்புக்குப் பின்னால், இறக்கையின் அடியில் இருக்க வேண்டும்.

40 மீட்டர் ஏறும் வரை திருப்பாதீர்கள். ஏறியதும் திராட்டிலைப் பாதிக்குக் குறைத்து டிரிம் செய்யுங்கள். ரட்டரால் திருப்பும்போது அரை விநாடி தாமதம் இருக்கும்: முதலில் மூக்கு திரும்பும், பிறகுதான் சாயும். ஒன்றும் நடக்கவில்லையே என்று குச்சியை மேலும் தள்ளிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கொஞ்சம் கொடுத்து, காத்திருந்து, விட்டுவிடுங்கள். வளைவில் மூக்கு தாழ்ந்தால் எலிவேட்டரை லேசாக இழுங்கள்.

அதே உயரத்தில் சிஜியைச் சோதிக்கலாம். திராட்டிலை அடைத்து, மூக்கை 30 டிகிரி இறக்கி, குச்சியை விடுங்கள். மெதுவாகத் தானே நிமிர்ந்தால் நல்லது. வெடுக்கென்று மேலே பாய்ந்தால் மூக்கு கனம், ஒரு நாணயத்தை எடுக்கலாம். நிமிராமல் இன்னும் செங்குத்தாகப் போனால் உடனே மீட்டு இறக்குங்கள், பேட்டரியை முன்னால் தள்ளாமல் மறுபடி எறியக் கூடாது. அடுத்து, திராட்டில் அடைத்தபடியே குச்சியை மெல்ல இழுத்து ஸ்டால் ஆக்கிப் பாருங்கள். மூக்கு தலையாட்டி விழுந்து மறுபடி பறக்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் புரண்டால் இறக்கை முறுக்கு, அல்லது பூட்டிய எய்லரான்கள் சமமில்லை.

இறங்குவது 50 மீட்டர் தள்ளி, காற்றை எதிர்த்து, திராட்டில் அடைத்து. 5 மீட்டருக்குக் கீழே வந்த பிறகு திருப்ப வேண்டாம், எதிரே புதர் இருந்தாலும் புதரிலேயே இறங்கட்டும். ஃபோமைக் கொதிநீர் ஊற்றிச் சரிசெய்யலாம், இபிஓ நசுங்கியது பெரும்பாலும் எழும்பிவிடும். தாழ்வாக வரும்போது திருப்பி நுனி குத்தினால் மோட்டார் பலகையோடு போகும்.

வோல்ட் அலாரத்தைச் செல்லுக்கு 3.5-ல் வையுங்கள். பேட்டரியை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வீட்டில் நாள்கணக்கில் சும்மா வைப்பதானால் 3.8 வோல்ட்.

நிலைப்படுத்தும் கைரோ ரிசீவர் போட விரும்பினால் இந்த டிரிம் எல்லாம் கையால் சரியான பிறகு போடுங்கள். பிளேனைக் கையில் பிடித்து வலது பக்கம் சாய்த்தால் ரட்டர் இடது பக்கம் திரும்ப வேண்டும். தலைகீழாக இருந்தால் எறிந்த அடுத்த நொடியே கவிழும். முறுகிய இறக்கையைக் கைரோ மறைத்துவிடும், சரிசெய்யாது.

இருபது முப்பது பறத்தல் ஆகி, எட்டு போடுவதும் நினைத்த இடத்தில் இறக்குவதும் கைக்கு வந்ததும் எய்லரான் டேப்பை உரிக்கலாம். ஒயர்களைப் பழைய சேனலுக்கு மாற்றுங்கள், எய்லரானின் நடுநிலையை 1 மி.மீ. மேலே விடுங்கள், அசைவு மேலே 8 கீழே 4 மி.மீ. போதும். 5 டிகிரி ‘வி’யோடு அவசரமில்லாமல்தான் உருளும். அதே நாளில் 2200 பேட்டரியையும் சக்கரத்தையும் சேர்த்து மாட்டிவிடாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்று.